ஐம்பதாவது எஞ்சின்

பதுளையில் நண்பர் ஒருவரின் நூல் வெளியீட்டுக்குச் சென்றுவிட்டு, ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்காகக் காத்திருந்த வேளையில், ஒரு தேநீர்க் கடையில் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். நூலைப் பற்றியும், நூலாசிரியரைப் பற்றியும், நூலை வாங்காமல் நழுவியவர்களைப் பற்றியும் பேசி முடிந்த பின்னரும் பஸ் வரவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் டார்லிங்டன் என்னும் ஊரில் சாதாரண மக்கள் தம் கைக்காசைப் போட்டுப் புத்தம்புதிய நீராவி எஞ்சின் ஒன்றைச் செய்து இரும்புப்பாதையில் ஓட்டிய கதையைச் சொல்லத் தொடங்கினேன். எங்களுள் மூத்தவர், தோட்டப் பாடசாலைகளிலேயே தம் ஆயுளைக் கழித்த தலைமை ஆசிரியர். அவர் தேநீர்க் குவளையை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"தம்பி, லயத்துக் கூரைக்குத் தகரம் இல்லை. மழை பிடித்தால் மலை எப்போது சரியுமோ என்று சனங்கள் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். நீங்கள் செத்துப்போன கோச்சிக்கு உயிர் கொடுக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். அது வயிறு நிறைந்தவனுக்கு வருகிற கிறுக்கு. நமக்கு எதற்கு?"

மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். ஆனால் வளைவுக்கு வளைவு அந்தக் கேள்வியும் என்னோடு மலையேறிற்று. அவர் பகடிக்காகக் கேட்கவில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டைச் சிதைத்தபோது வீடுகளோடு இரும்புப்பாதையும் பல இடங்களில் மண்ணோடு சரிந்தது. அத்தகைய ஊரில் நின்றுகொண்டு நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசுகிறவன் தக்க காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்ல முயல்கிறேன்.

முதலில் அந்தக் 'கிறுக்கு' இன்னதென்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சிறிது காலத்தில், 1948, 1949 ஆகிய இரண்டே ஆண்டுகளில், ஏ1 என்னும் வகுப்பில் 49 விரைவு எஞ்சின்கள் பிரித்தானியாவில் செய்யப்பட்டன. அவற்றை வடிவமைத்தவர் ஆர்தர் பெப்பர்கோர்ன். நீராவியின் அந்திப்பொழுதில் பிறந்த பிள்ளைகள் அவை. டீசல் வந்தது, பிள்ளைகள் வாலிபம் கடக்குமுன்னரே 1966க்குள் நாற்பத்தொன்பதும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிட்டன. ஒன்றையாவது காப்பாற்றச் சிலர் முயன்றார்கள்; பணம் திரளவில்லை. 1968 ஆகஸ்டில் அந்நாட்டின் பிரதான பாதைகளில் நீராவியின் வழக்கமான சேவையே முடிந்துபோயிற்று.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1990இல், சிலர் ஒன்றுகூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். இல்லாமற்போன நாற்பத்தொன்பதில் ஒன்றைத் தேட முடியாது. ஆகவே ஐம்பதாவதைச் செய்வோம் என்றார்கள். இந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். நகல் செய்வோம் என்று அவர்கள் சொல்லவில்லை. பழைய வரிசையின் கடைசி எஞ்சினுக்கு 60162 என்று எண். இவர்கள் செய்யப்போவதற்கு 60163 என்று எண் இட்டார்கள். இடையில் நாற்பது ஆண்டுகள் நழுவிப்போனதைச் சிறு தாமதம் என்று கருதுகிறவர்கள் போல அடுத்த எண்ணை எழுதிவிட்டார்கள். இந்தத் துணிச்சலுக்காகவே அவர்கள்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

பணத்துக்கு அவர்கள் கண்ட வழிதான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. கோடீசுவரர் ஒருவரின் வாசலில் போய் நிற்பதை அவர்கள் முதல் வழியாகக் கொள்ளவில்லை. வாரத்துக்கு ஒரு குவளை பியரின் விலையைத் தாருங்கள், அதை மாதந்தோறும் தவறாது தாருங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள். தொடங்கிய நாளில் அது ஒன்றேகால் பவுண். பலர் அந்தச் சிறு தொகையை ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். கம்பனிகள் சிலவும் உதவின. கடன் பத்திரங்களும் வெளியிடப்பட்டன. ஆயினும் அடித்தளம் அந்தப் பியர்க் குவளைதான். 1994இல் அடிச்சட்டத்துக்கான தகடுகள் வெட்டப்பட்டன. காசு வந்த அளவுக்கு வேலை நகர்ந்தது. காசு நின்றால் வேலையும் நின்றது. எல்லாமாகச் சுமார் முப்பது இலட்சம் பவுண் செலவாயிற்று. 2008 ஆகஸ்டு முதல் நாளில் அந்த எஞ்சின் பொதுமக்கள் முன்னிலையில் தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. அதற்கு டொர்னாடோ என்று பெயர். 2009 ஜனவரி 31ஆந் திகதி பயணிகளை ஏற்றிக்கொண்டு யோர்க்கிலிருந்து நியூகாசிலுக்கு ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் பனிப்பொழிவால் மின்சார வண்டிகள் முடங்கியபோது, இலண்டன் நிலையத்தில் தவித்து நின்றவர்களுள் நூறு பேரளவில் இந்த 'பழைய' வண்டிதான் ஏற்றிச் சென்றது. செத்த கோச்சி என்று ஐயா சொன்னாரே, அந்த இரவில் ஓட முடிந்தது அதுதான்.

இக்கதையில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அது கொதிகலன். நீராவி எஞ்சினின் உயிர் அதில்தான் இருக்கிறது. நெருப்பறையின் சுவர்களைச் சுற்றி நீர் நிற்கும். அந்நீர் பொங்கிப் பெரும் அழுத்தமுள்ள ஆவியாகும். ஒரு தையல் பிசகினாலும் வெடித்து ஆளைக் கொல்லும். பழைய ஏ1 எஞ்சின்களில் நெருப்பறை செம்பால் ஆனது. தகடுகளை ஆணியறைந்து பொருத்துவார்கள். புதியதற்கு முழுவதும் உருக்கினால் ஆன, காய்ச்சி ஒட்டிய கொதிகலன் வேண்டுமெனத் தீர்மானித்தார்கள். இவ்வளவு பெரிய கொதிகலனைச் செய்துதர நீராவி எஞ்சினைப் பெற்று வளர்த்த பிரித்தானியாவில் வழியில்லை. கடைசியில் ஜெர்மனியின் மைனிங்கன் நகரிலுள்ள ஒரு பட்டறையில் செய்வித்து, 2006இல் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டறை முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அங்கே நீராவி வண்டிகள் நீண்ட காலம் ஓடினபடியால் வித்தையும் கைகளில் தங்கியிருந்தது. ஒரு நாடு ஒரு வித்தையை மறக்க எத்தனை நூற்றாண்டு வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? நாற்பது ஆண்டுகள் போதும். பட்டறையில் கிழவர் ஓய்வுபெறுகிறார். அவர் பக்கத்தில் நின்று சுத்தியல் எடுத்துக் கொடுக்க ஒரு பையன் இல்லை. அவ்வளவுதான், வித்தை போய்விட்டது. வரைபடங்கள் காகிதத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றை இரும்பாக்கும் கைகளைத்தான் தேட வேண்டியிருந்தது.

தொண்டர்கள் இரும்புப்பாதையைக் கையிலெடுப்பது அங்கே புதிதன்று. வேல்ஸ் மலைகளில் கற்பலகை ஏற்றி இறக்க ஏற்பட்ட டாலிலின் என்னும் சிறு பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951இல் பொதுமக்களே அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அவ்வாறு தொண்டர்கள் காப்பாற்றிய முதற்பாதை அதுவே என்பர். மலையிலிருந்து முதலாளியின் சரக்கை இறக்குவதற்காகப் போட்ட பாதை, பின்னர் ஊராரின் பாதையாயிற்று. உவா மாகாணத்தில் வாழ்கிறவனுக்கு இந்த வாக்கியம் உறுத்தாமல் இருக்குமா?

"மாதச் சந்தா கட்டி எஞ்சின் செய்கிறதாவது!" என்று கடையில் சிரித்த அன்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். எங்கள் தோட்டங்களில் மாரியம்மன் கோயில்கள் எவ்வாறு எழுந்தன? தேர்கள் எவ்வாறு செய்யப்பட்டன? துரை கொடுத்த தூணும் உண்டு, கடைக்காரர் கொடுத்த மணியும் உண்டு. ஆனால் பெரும்பங்கு, செக்றோலில் பேருள்ள ஒவ்வொருவரும் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளச் சம்மதித்த கோயிற்காசு. கொழுந்துக் கூடையிலிருந்து சில சதங்கள், ஆண்டுக்கணக்கில். தேர்ச் சக்கரத்துக்கு மரம் வந்து இறங்கி, ஆசாரி வந்து சேராமல், அடுத்த திருவிழா மட்டும் மரம் மழையில் கிடந்த கதை எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களுக்கு உண்டு. டார்லிங்டன்காரர்கள் கொதிகலனுக்காகக் காத்திருந்ததும் இதே கதைதான். ஊர் கூடித் தேர் இழுக்கிறவர்களுக்கு, ஊர் கூடி எஞ்சின் செய்வது விளங்காத காரியம் அன்று. கூரை ஒழுகும் லயத்தில் இருந்துகொண்டே இவர்கள் தேர் செய்தார்கள் என்பதையும் ஐயா மறந்துவிடக் கூடாது. வயிறு நிறைந்த பிறகே மனிதன் அழகைத் தேடுவான் என்பது வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் கதை.

சரி, செய்யும் வித்தை நம்மவரிடம் உண்டா என்று கேட்கலாம். உண்டு, அதற்கு ஐரோப்பாவரை போகவும் வேண்டாம். கடலைத் தாண்டினால் திருச்சிராப்பள்ளி. அதன் அருகே பொன்மலை. தென்னிந்திய இரும்புப்பாதையின் பெரும் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் அங்கே பெயர்ந்தது. நீலகிரி மலைப்பாதைக்கு உரிய எக்ஸ் வகுப்பு எஞ்சின்களைப் பழுதுபார்த்து வந்த பட்டறை அது. அந்த எஞ்சின்கள் சுவிற்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. 1914 தொட்டு 1952 வரை தொகுதி தொகுதியாக வந்தவை. மேட்டுப்பாளையத்துக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே 46 கிலோமீட்டர். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். வெறுஞ் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். ஆகையால் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் போட்டிருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. முதல் இரண்டில் வேலை செய்து களைத்து வெளியேறும் ஆவியையே மற்ற இரண்டுக்கும் அனுப்பி, மிச்சமுள்ள பலத்தையும் வாங்கிவிடுவார்கள். கஞ்சி வடித்த நீரையும் வீணாக்காத குடும்பப் பெண்ணின் சிக்கனம் அந்த யந்திரத்தில் இருக்கிறது.

2005இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய அந்தப் பாதைக்கு எஞ்சின்கள் தேய்ந்து வந்தன. உதிரிப்பாகம் விற்பார் உலகில் இல்லை. பொன்மலைத் தொழிலாளர் என்ன செய்தார்கள்? பழுதுபார்த்த கைகளாலேயே முழுவதையும் செய்தார்கள். 2011 முதல் 2014 வரை எண்ணெயில் எரியும் எக்ஸ் வகுப்பு எஞ்சின்கள் நான்கு, 37396 முதல் 37399 வரை எண்ணிடப்பெற்று அங்கிருந்து புறப்பட்டன. 2021 ஆகஸ்டில் நிலக்கரியால் எரியும் புதிய எஞ்சின் ஒன்றும் புறப்பட்டது. சுவிற்சர்லாந்தின் வரிசையைத் திருச்சித் தொழிலாளர் தொடர்ந்தார்கள். இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஒரு நாட் செய்தியாகப் போட்டுவிட்டு அப்பால் போய்விட்டன. கவிதைக்கும் கதைக்கும் பரிசு கொடுக்கும் நம் இலக்கியச் சங்கங்களில் ஒன்றாவது அந்தப் பட்டறைக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். பொன்மலை அரசாங்கப் பட்டறை. தொண்டர் சங்கம் அன்று. அங்கே கை இருந்தது, ஊதியம் அரசாங்கம் கொடுத்தது. டார்லிங்டனில் காசு மக்களுடையது, கையைத் தேடி அலைய வேண்டியிருந்தது. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்ற ஆசைதான் என்னை அந்தக் கடையில் வாய் திறக்க வைத்தது.

இனி நம்முடைய பாதைக்கு வருவோம். இலங்கையில் முதல் புகைவண்டி 1864 டிசம்பர் 27ஆந் திகதி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. கண்டிக்கு 1867இல் வந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை. கோப்பி நோயில் மாண்டது. தேயிலைக்காக மேலும் ஏறியது. நானுஓயாவுக்கு 1885, அப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894. அங்கே முப்பது ஆண்டுகள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, 1924இல்தான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையே 1,898 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. நீலகிரியைப் போலப் பற்சட்டம் கிடையாது. குறுகிய தண்டவாளமும் கிடையாது. ஐந்தரை அடி அகலமுள்ள பெரும்பாதையை நாற்பத்து நான்கடிக்கு ஓரடி ஏற்றத்தில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏற்றியிருக்கிறார்கள். உலகில் அதிகம் காணக் கிடையாத வேலை இது.

அந்த ஏற்றத்துக்கென 1927இல் ஒரு காரற் எஞ்சினும், 1945இல் எட்டுக் காரற் எஞ்சின்களும் வந்தன. ஒரே கொதிகலனின் இரு முனைகளிலும் இரண்டு எஞ்சின்களைப் பூட்டியது போன்ற நெடும் பிராணி அது. பி1 வகுப்பு எஞ்சின்களும் ஓடின. அவற்றுக்கு ஆளுநர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 340ஆம் எண் எஞ்சின் ஃபிரெடெரிக் நோர்த். 251ஆம் எண் சேர் தோமஸ் மெயிற்லண்ட். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்த டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி வந்தன. நல்ல எஞ்சின்கள், அவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பெயர்ப்பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் பெயர் இருக்கிறது. கொடுத்தவர் பெயர் இருக்கிறது. மலையை வெட்டியவர் பெயரை நான் இதுவரை ஓர் எஞ்சினிலும் கண்டதில்லை.

தெமோதரையைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. மலையிறங்கப் போதிய தூரமில்லாமல், பாதையை எப்படி இறக்குவதென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். அருகே நின்ற தமிழ்க் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தாராம். அந்தச் சுற்றே வழியாயிற்றாம். தெமோதரை நிலையத்திலிருந்து புறப்படும் பாதை ஒரு வட்டம் போட்டு, அந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளிவருகிறது. சிறிது தொலைவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலகப் போரினால் இரும்பு கிடைக்காமற்போக, கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு அதைக் கட்டிக் கொடுத்தவர் அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் என்பார்கள். இரண்டு கதைகளும் எவ்வளவு மெய் என்று ஆராய்வது சரித்திர ஆசிரியர் வேலை. என் கவனம் வேறொன்றில் சென்றது. பாலத்துக் கதையில் மனிதனுக்குப் பெயர் இருக்கிறது. தெமோதரைக் கதையில் தலைப்பாகை மட்டுமே இருக்கிறது. தலைக்குப் பெயர் இல்லை.

இந்தப் பாதை நம்மை ஏற்றி வந்தது. ஏற்றிச் சென்றும் இருக்கிறது. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்த பின்னர் கூலிகளாக ஏறி வந்தவர்கள் எத்தனை பேர்! 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின், இந்தியாவுக்கென எழுதப்பட்ட குடும்பங்கள் இந்நிலையங்களிலேயே ஏறினார்கள். மேடையில் நின்றவரும் வண்டியில் இருந்தவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கதறியதால், மலையகத்தில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. இவ்வளவு இருந்தும், இப்பாதையின் மரபுரிமை என்று பேச்சு வரும்போது எடுத்துக்காட்டப்படுவன, ஒன்பது வளைவில் நின்று எடுத்த படமும், கதவில் தொங்கிக்கொண்டு சிரிக்கும் உல்லாசப் பயணியுந்தான். 1986 தொடக்கம் வைஸ்ரோய் என்னும் பெயரில் பழைய நீராவி எஞ்சின்களைச் செப்பனிட்டு உல்லாசப் பயணிகளுக்காக ஓட்டினார்கள். அந்த முயற்சி இல்லையேல் சில எஞ்சின்கள் அழிந்தே போயிருக்கும். அதற்காக நன்றி சொல்வேன். 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் இரும்புப்பாதை அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அதுவும் நல்லதே. ஆயினும் பெயரைப் பாருங்கள்: வைஸ்ரோய்! இலங்கையை ஒரு வைஸ்ரோயும் ஆண்டதில்லை. இங்கே இருந்தவர் ஆளுநர். இல்லாத அதிகாரியை வரவழைத்து எஞ்சினுக்கு முன் நிறுத்தும் நமக்கு, இருந்த தொழிலாளி நினைவுக்கு வரவில்லை.

இப்போது ஐயாவின் கேள்விக்கு நேரே வருகிறேன். கொழுந்து பறிப்பவரின் சம்பளத்திலிருந்து ஒரு சதமேனும் எஞ்சினுக்காகக் கேட்பதை நான் எதிர்ப்பேன். வீடும் காணியும் முதலில். அரசாங்கம் அந்தப் பணத்தை எடுத்து இந்தப் பக்கம் போடுவதையும் எதிர்ப்பேன். நாளைக்கே பதுளைக்குப் புதிய எஞ்சின் செய்ய வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். முப்பது இலட்சம் பவுண் என்பது சின்னத் தொகையா? நான் சொல்வது வேறு. நீராவி வண்டி என்றைக்காவது பதுளைப் பாதையில் மறுபடியும் நெருப்பு மூட்டி ஏறுவதானால், டார்லிங்டன் வழியில் ஏறட்டும். ஹோட்டல் முதலாளி வாங்கிவந்து, ஹோட்டல் விருந்தினர் ஏறி, தோட்டத்துப் பிள்ளைகள் பாதையோரம் நின்று கையசைப்பதற்கென்றால் அந்த எஞ்சின் கடுகண்ணாவையிலேயே இருக்கட்டும். கையசைத்துக் கையசைத்து எங்களுக்குக் கை வலிக்கிறது.

அந்த வழியில் முதலடி இரும்பு வாங்குவது அன்று. நீராவி எஞ்சினில் நெருப்புத் தள்ளிய தொழிலாளரும், தெமட்டகொடைப் பட்டறையில் குழாய் மாற்றியவரும், நானுஓயாவில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தவரும் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது, தொண்ணூறு வயது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அவர்களுள் உண்டு. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு பியர்க் குவளையின் விலைகூட வேண்டாம். ஆவி கசிவதைச் சத்தத்தால் எப்படி அறிந்தார்கள், ஈரப் பாதையில் எப்படி மணல் தூவினார்கள், பட்டிப்பொலை ஏற்றத்துக்கு எவ்வளவு முன்னரே நெருப்பைக் கட்டினார்கள், எந்தக் கருவிக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று எழுதி வைக்கப் பாடசாலை மாணவர்கள் போதும். மைனிங்கன் வரை ஓட நேர்ந்த பிரித்தானியரின் நிலை நமக்கு வராதிருக்க வேண்டுமானால் இது உடனே நடக்க வேண்டும். ஆசிரியர்களாகிய நாம் ஒரு தவணை விடுமுறையில் தொடங்கக்கூடிய வேலை. அதன் பின்னர், புதியது செய்யாமல், ஓய்ந்து நிற்பவற்றுள் ஒன்றைச் செப்பனிட ஒரு தொண்டர் சங்கம் ஏற்படட்டும். இங்கிருந்து போய்க் கனடாவிலும் இலண்டனிலும் தமிழ்நாட்டிலும் குடியேறியிருப்பவர்களும், கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர்களும் மாதம் ஒரு தேநீர்ச் செலவைத் தரட்டும். அந்தப் பட்டறையில் சுத்தியல் எடுத்துக் கொடுக்கும் பையனும் பெண்ணும் தோட்டத்திலிருந்து வரட்டும். காய்ச்சி ஒட்டவும் கடையவும் கற்றவனுக்கு எஞ்சின் முடிந்த பின்னும் பிழைப்பு உண்டு. கொதிகலன்கள் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றன.

"நமக்கு எதற்கு?" என்று கேட்டார் ஐயா. இரும்புப்பாதையில் நமக்குப் பங்கு உண்டு என்று நூறு ஆண்டுகளாக நாம் சொல்லிவருகிறோம். எங்கே உன் பங்கு என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தலைப்பாகைக் கதைதான் இருக்கிறது. டார்லிங்டனில் மாதம் நான்கைந்து பவுண் கொடுத்த ஆளிடம் கேட்டால், அந்த எஞ்சின் எனக்கும் சொந்தம் என்று கூசாமல் சொல்வான். அவன் கொடுத்த காசுக்குக் கணக்கும் உண்டு. லயக் காம்பராவும் சொந்தமில்லை, அது நிற்கும் நிலமும் சொந்தமில்லை என்று வாழ்ந்த சமூகத்துக்கு, இது என் காசில், என் பிள்ளையின் கையால் ஆனது என்று விரல் நீட்டிச் சொல்ல ஒரு பொருள் இருப்பதை நான் கிறுக்கு என்று கருதவில்லை. வீட்டுக்காகப் போராடுகிறவனுக்கு அது கையைத் தளர்த்தாது என்றே நினைக்கிறேன். ஐயா ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

சென்ற கிழமை அவரை மீண்டும் அதே கடையில் கண்டேன், இவ்வளவையும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓடாத எஞ்சினுக்கு என்ன பெயர் வைப்பதாக உத்தேசம்?" என்று கேட்டார். தெமோதரைக் கங்காணியை நினைத்து ஏதேனும் வைக்கலாம் என்றேன். ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கங்காணியா? தலைக்காசும் பென்சுக்காசும் தின்றது போதாதா அவர்களுக்கு? எஞ்சினிலும் ஏறி உட்கார வேண்டுமா? மண் கூடை சுமந்தவளின் பெயரை வையுங்கள் தம்பி."

"அவள் பெயர் யாருக்கும் தெரியாதே ஐயா."

"தெரியாதென்றால் தேடுங்கள். எழுதி வைக்க மாணவர்களை அனுப்புகிறேன் என்றீர்களே, அவர்களிடம் இதையும் கேட்டுவரச் சொல்லுங்கள்."

ஸ்பிரிங்வெளி பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. தேநீருக்கு அன்று அவரே காசு கொடுத்தார்.